பச்ச உடம்புக்காரியும் பத்து மணி காப்பியும்

என் மக தலைப்பிரசவத்துக்கு வெள்ளானூருக்கு வந்து அஞ்சு மாசம் ஆகுது. பேத்திக்கு இப்போ மூணு மாசம். வீட்டுல எல்லாம் நல்லபடியாத்தான் போயிட்டிருந்துச்சு, காப்பிப் பிரச்சினை கிளம்புற வரைக்கும்.

மக கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவ. காலையில எழுந்ததும் அவளுக்கு ஒரு டம்ளர் பில்டர் காப்பி வேணும். என் வீட்டுக்காரம்மா தரமாட்டேன்னு நிக்குது. "பச்ச உடம்பு. ராத்திரி பூரா கொழந்த கத்துது. எல்லாம் நீ குடிக்கிற காப்பிதான்." மக போனை நீட்டி ஏதோ 200 மில்லிகிராம்னு காட்டுறா. கழனிக்குத் தண்ணி கட்டணும்னு சொல்லிட்டு ரெண்டு நாள் நான் தப்பிச்சேன். மூணாவது நாள் இந்தச் சண்டை நடக்கும்போது திண்ணையில உட்கார்ந்திருந்த எங்க அம்மா, அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு, யாரையும் பார்க்காம கேட்டாங்க: "தாய்க்காரி காப்பி குடிச்சா புள்ள செத்துடுமா?"

வீட்டுல யாரும் பேசல. என் மகளுக்கு அது ஏன்னு புரியல. எனக்குப் புரிஞ்சுது.

1973 மே மாசம். எனக்கு அப்போ ஏழு வயசு. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, ஏழு மாசக் கைக்குழந்தை. சொர்ணவாரி நடவு நேரம். நம்ம பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன்: சித்திரை வைகாசியில நட்டு ஆடி ஆவணியில அறுக்கிற குறுகிய பட்டம் அது. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துலதான் இந்தப் பேர் அதிகம். கத்திரி வெயில்ல சேத்துல நின்னு நடணும். அம்மா கூலி நடவுக்குப் போவாங்க. தங்கச்சியை வரப்புப் பக்கத்துப் பூவரச மரத்துல தூளி கட்டிப் போட்டிருப்பாங்க. நான்தான் ஆட்டிவிடுறது. அவ அழுதா கூப்பிடணும். அம்மா சேத்துக் கையைக் கழுவிட்டு வந்து பால் கொடுத்துட்டு மறுபடி இறங்குவாங்க. பத்து மணிக்கு நிலத்துக்காரர் வீட்டுல இருந்து தூக்குல காப்பி வரும். வெல்லம் போட்ட வரக்காப்பி. வரிசையா வரப்புல உட்கார்ந்து குடிப்பாங்க. மத்தியானம் வரைக்கும் அதுதான்.

அந்த மாசக் கடைசியில தங்கச்சிக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. நாலு நாள். அஞ்சாவது நாள் விடியறதுக்குள்ள போயிட்டா. எங்க ஆயா, அதாவது அப்பாவோட அம்மா, சாவு வீட்டுலயே சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. காப்பித் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுப் பாலைக் கெடுத்துட்டா, அந்தப் பால்தான் புள்ளைக்கு மாந்தம் ஆயிடுச்சு. ஊரே அதைத் திருப்பிச் சொல்லுச்சு. ஆயா செத்து இப்போ முப்பது வருஷத்துக்கு மேல ஆகுது. எங்க அம்மா இன்னிக்கும் காப்பியை வீட்டுக்குப் பின்னாடி, கிணத்தடியில போய்த்தான் குடிப்பாங்க. காத்து வாங்கப் போறாங்கன்னுதான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன்.

அம்மா கேட்டதுக்கு நேர்மையா ஒரு பதில் சொல்லணும்னு தோணுச்சு. அதுக்காகப் படிச்சதும், ஊர்ல பெரியவங்ககிட்ட விசாரிச்சதும், என் கண்ணால பார்த்ததும்தான் இது.

முதல்ல காப்பிக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பார்த்துடலாம். எங்க தொண்டை மண்டலத்துல விடியக்காலை ஆகாரம் கூழ். கேவுரு மாவை முதல் நாளே கரைச்சுப் புளிக்க வெச்சு, நொய் போட்டுக் காய்ச்சி, மறுநாள் மோர் விட்டுக் கரைச்சுக் குடிக்கிறது. ஆடி மாசம் அம்மனுக்கு ஊத்துற கூழ் வேற ஒண்ணும் இல்ல, எங்க அன்றாடச் சாப்பாடுதான். சோறு ஆக்குற வீடுகள்ல நீராகாரமும் பழைய சோறும். 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்குன்னு இப்போ புத்தகத்துல போடுறாங்க. எங்க ஆயாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனா ஒரு சொம்புக் கூழ் குடிச்சுட்டு இறங்கினா மத்தியானம் வரைக்கும் தாங்கும்னு தெரியும்.

பிள்ளை பெத்தவளுக்குத் தனிச் சட்டம் உண்டு. தண்ணி அதிகம் தரமாட்டாங்க, வயிறு போடும்னு. பூண்டு, மிளகு, சுக்கு, காயம் எல்லாம் சேர்த்து இடிச்ச மருந்து உருண்டை. பால் ஊறுறதுக்குப் பால்சுறாக் கருவாடு, முருங்கைக்கீரை. இதுல நல்லதும் இருக்கு, தாய் நாக்கு வறண்டு கெடந்த கொடுமையும் இருக்கு. ஆனா இந்த வரிசையில காப்பிங்கற பேரே கிடையாது. சுக்குக் காப்பி இருக்கேன்னு கேப்பீங்க. அது பேருலதான் காப்பி. சுக்கு, மல்லி, பனைவெல்லம், அவ்வளவுதான். காப்பிக் கொட்டை வந்த பிறகு, சூடாக் குடிக்கிற எல்லாத்துக்கும் அந்தப் பேரை வெச்சுட்டோம். எவ்வளவு ஆழமா அது உள்ள வந்திருக்குன்னு அந்த ஒரு சொல்லே காட்டுது.

காப்பிக் கொட்டை நம்ம நாட்டுக்கு வந்த கதை நிறையப் பேருக்குத் தெரியும். பாபா புதன்கிற சூஃபி பெரியவர் 17ஆம் நூற்றாண்டுல ஏமன்ல இருந்து ஏழு கொட்டை கொண்டுவந்து சிக்மகளூர் மலையில ஊன்றினார்னு சொல்லுவாங்க. தமிழ்நாட்டுல ஏற்காட்டுல அதைப் பயிரிட்டது சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன், 1820கள்ல. அதுக்குப் பின்னால வெள்ளைக்காரங்க இலங்கை மலைகள்ல பெரிய அளவுல காப்பித் தோட்டம் போட்டாங்க. அங்க வேலை செஞ்சது நம்ம ஆளுங்கதான், தமிழ்நாட்டுல இருந்து நடந்தும் தோணியிலும் போனவங்க. 1869ல இலைத்துரு நோய் வந்து அந்தத் தோட்டங்களைத் தின்னுடுச்சு. அப்புறம்தான் அங்க தேயிலை. காப்பி பருவத்துப் பயிர், அதனால ஆம்பளைங்கதான் அதிகம் போய் வந்தாங்க. தேயிலைக்கு வருஷம் பூரா கொழுந்து பறிக்கணும். அப்போதான் பொம்பளைங்க குடும்பத்தோட போய்த் தங்கினது, தோட்டத்துல கைக்குழந்தைங்களை விடுறதுக்குப் பிள்ளைக் காம்பராங்கற கொட்டகை வந்தது எல்லாம். வேலைக்கு நடுவுல ஓடி வந்து பால் கொடுத்துட்டுத் திரும்புற கதை அங்கேயும் அதே கதைதான். இங்க மரத்துல தூளி, அங்க காம்பரா.

எங்க ஊர்ல காப்பிச் செடியைக் கண்ணால பார்த்தவங்க இல்ல. ஏரிப் பாசன ஊர், நெல்லு, கேவுரு, வேர்க்கடலை. அப்புறம் எப்படி வந்துச்சு? பட்டணத்து வழியா வந்துச்சு. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து சென்னையில காப்பி கிளப்புங்க பெருகுச்சு. காப்பி குடிக்கிறது படிச்ச வீட்டு அடையாளம் ஆச்சு. ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் பத்தி விரிவா எழுதியிருக்கார். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ங்கறது அவரோட புத்தகத்துப் பேரு. நீராகாரம் போச்சே, பழைய சோறு போச்சே, காப்பி வந்து உடம்பு கெட்டுப் போச்சேன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினவங்களை எல்லாம் அதுல காட்டுறார். அந்தப் புலம்பல்ல பொம்பளைங்க பேரு தனியா அடிபடும். ஆம்பளை கிளப்புல உட்கார்ந்து நாலு தடவை குடிச்சா அது நாகரிகம். வீட்டுப் பொம்பளை ரெண்டாவது டம்ளர் குடிச்சா அது கெட்ட பழக்கம், சோம்பேறித்தனம். காந்தி 1942ல சிறையில இருந்தப்போ எழுதின ஆரோக்கியம் பத்தின சின்ன புத்தகத்துலயும் டீ, காப்பி, கோகோ மூணும் உடம்புக்குத் தேவையில்லன்னுதான் சொல்றார். அவர் ஆம்பளை பொம்பளை வித்தியாசம் பார்த்துச் சொல்லல. நம்ம ஆளுங்கதான் பார்த்தாங்க.

இதே காலத்துல இன்னொரு பக்கம் என்ன நடந்துச்சு பாருங்க. 1930கள்ல உலகப் பொருளாதாரம் படுத்துடுச்சு, காப்பிக் கொட்டையை வாங்க வெளிநாட்டுல ஆள் இல்ல. தோட்டக்காரங்க நஷ்டத்துல. அதனால 1935ல காப்பி மேல ஒரு வரி போட்டு, அந்தக் காசுல உள்நாட்டுக்காரங்களைக் குடிக்க வைக்க ஒரு கமிட்டியே அமைச்சாங்க. 1936ல பம்பாயில முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறந்தாங்க. 1942ல சட்டம் போட்டு அது காப்பி போர்டு ஆச்சு. அதாவது குடிக்காதேன்னு ஒரு பக்கம் உபதேசம், குடி குடின்னு இன்னொரு பக்கம் விளம்பரம். நடுவுல இருக்கிறவ கையில டம்ளர்.

இப்போ எங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன். இதுதான் எனக்குப் படிக்கப் படிக்க உறைச்சது. பட்டணத்துக் காப்பிக்குப் பால் எங்கிருந்து போச்சு? எங்க மாதிரி ஊர்ல இருந்துதான். சென்னையில இருந்து ஆவடி, அரக்கோணம் வழியா 1856லயே ரயில் ஓடுச்சு. எனக்கு நினைவு தெரிஞ்சு பால்காரர் விடியக்காலை நாலு மணிக்கு வந்து எருமைப்பால் கறந்து கேன்ல ஊத்தி சைக்கிள்ல ஆவடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து ரயில்ல பட்டணத்து ஓட்டலுக்கும் வீட்டுக்கும். 1958ல அரசாங்கம் பால்வளத் துறையை ஆரம்பிச்சுது, 1960கள்ல மாதவரம் பால்பண்ணை வந்துச்சு, 1981ல கூட்டுறவு இணையமா ஆவின். கைகள் மாறிச்சு, பால் போற திசை மாறல.

எங்க வீட்டுல ஒரு எருமை இருந்துச்சு. ரெண்டு வேளையும் கறந்த பால் முழுசும் விலைக்குத்தான். ஒரு ஆழாக்குகூட வீட்டுல நிக்காது. அந்தக் காசுலதான் உப்பு, மண்ணெண்ணெய், என் பள்ளிக்கூடச் செலவு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற எங்க அம்மா, தன் கையால எருமைக்குப் புல் அறுத்துப் போட்ட எங்க அம்மா, குடிச்சது பால் இல்லாத வரக்காப்பி. பட்டணத்துல இருக்கிற நீங்க டிகிரி காப்பின்னு நுரை பொங்கக் குடிக்கிறீங்களே, உங்க தாத்தா பாட்டி குடிச்ச அந்த நுரையில எங்க ஊர்ப் பாலும் இருந்துச்சு. குறையாச் சொல்லல. கணக்குச் சொல்றேன்.

கூழ் போய்க் காப்பி வந்தது எங்க ஊர்ல ஒரே நாள்ல நடந்தது இல்ல. ஆவடியில 1961ல டாங்க் தொழிற்சாலைக்கு அடிக்கல் போட்டாங்க. 1965ல முதல் விஜயந்தா டாங்க் வெளிய வந்துச்சு. அம்பத்தூர்ல தொழிற்பேட்டை வந்துச்சு. எங்க சொந்தக்காரங்கள்ல நாலஞ்சு பேர் வேலைக்குப் போனாங்க. ஷிப்டுக்குக் கிளம்புற ஆளுக்குக் காலையில கூழ் கரைச்சு வைக்க நேரம் இல்ல, கேண்டீன்ல காப்பி, பன்னு. அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்துச்சு. கேவுரு விதைச்ச மேட்டுக் கழனியும் மெல்ல மெல்லக் குறைஞ்சுது. ரேஷன்ல வந்தது அரிசி. கேவுரைக் கல்லுல போட்டு அரைக்கணும், புளிக்க வைக்கணும், கிளறணும். காப்பிக்கு ஒரு கொதி போதும். ஒரு பொட்டலம் தூளு, ஒரு துண்டு வெல்லம்.

நடவுக்காரங்களுக்கும் அதுவே ஆச்சு. முன்னெல்லாம் நிலத்துக்காரர் வீட்டுல இருந்து கூழ்ப் பானை வரும், கூடவே வெங்காயம், மிளகாய், ஊறுகாய். என் பெரியம்மா சொல்லுவாங்க, கூழ் வந்த காலத்துல பத்து மணிக்குப் பசி அடங்கும், காப்பி வந்த காலத்துல பத்து மணிக்குப் பசி மரத்துப்போகும்னு. இதைவிடத் தெளிவா எந்த டாக்டரும் சொல்ல முடியாது. காப்பி பசியை அமத்தும், அலுப்பைத் தள்ளி வைக்கும். நிலத்துக்காரருக்கு அது மலிவு. பானை கூழுக்கு ஆகுற செலவுல பத்துத் தூக்குக் காப்பி வரும்.

இனி அம்மாவோட கேள்வி. காப்பி தாய்ப்பாலைக் கெடுக்குமா?

காப்பியில இருக்கிற காஃபீனை 1819ல ரூங்கேன்னு ஒரு ஜெர்மன்காரர் பிரிச்செடுத்தார். அது தாய் உடம்புல இருந்து பாலுக்குப் போகுது, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா போறது தாய் குடிச்சதுல நூத்துல ஒரு பங்கு அளவுதான். குடிச்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பால்ல அதிகமா இருக்கும், அப்புறம் இறங்கிடும். சிக்கல் எங்கன்னா, பெரியவங்க உடம்பு அஞ்சு மணி நேரத்துல பாதிக் காஃபீனைக் கரைச்சுடும், பொறந்த குழந்தைக்கு அதே வேலைக்கு மூணு நாலு நாள் ஆகும். அதனால முதல் ஒண்ணு ரெண்டு மாசம், அதுவும் குறை மாசத்துல பொறந்ததுன்னா, கொஞ்சம் அடக்கி வாசிக்கணும்ங்கறதுல நியாயம் இருக்கு. ஆறு மாசம் ஆனா குழந்தையும் பெரியவங்களாட்டம் கரைச்சுடும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் வரை பயமில்லன்னு சொல்லிச்சு. மக போன்ல காட்டினது இதுதான். நம்ம ஐசிஎம்ஆர் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல 150 மில்லி காப்பியில, இறக்கின டிகாஷன்னா, 80ல இருந்து 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட்னா 50ல இருந்து 65ன்னு கணக்கு கொடுத்திருக்காங்க. ஆக நாளைக்கு ஒரு டம்ளர், சின்னதா ரெண்டு டம்ளர், இதுல குத்தம் இல்ல. நம்ம தூள்ல சிக்கரி வேற இருக்கு. அதுல காஃபீனே கிடையாது. சட்டப்படி பாதிக்குச் சற்று மேல காப்பி இருந்தாப் போதும், மிச்சம் சிக்கரி சேர்க்கலாம். தண்ணியா நீட்டின அந்தக் காலத்துத் தூக்குக் காப்பியில எவ்வளவு காஃபீன் இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ராத்திரி அழுகைக்கும் ஒரு பதில் கிடைச்சுது. பிரேசில்ல பெலோத்தாஸ்னு ஒரு ஊர். காப்பி விளையற நாடு, காப்பி குடிக்காத ஆளைத் தேடணும். அங்க 885 குழந்தைகளைப் பார்த்து 2012ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கர்ப்பத்துல காஃபீனே தொடாத தாய் அந்தக் கூட்டத்துல ஒரே ஒருத்தர்தான். மூணு மாசத்துக் குழந்தைங்க ராத்திரி எத்தனை தடவை முழிக்குதுன்னு கணக்கு எடுத்தா, நிறையக் குடிச்ச தாய்க்கும் கொஞ்சமாக் குடிச்ச தாய்க்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. பத்து கப்புக்கு மேல குடிச்ச தாய்மாருங்க குழந்தைங்க படபடப்பா, தூங்காம இருந்ததா டாக்டருங்க எழுதியிருக்காங்க. பத்து கப்! என் மக கேக்குறது ஒண்ணு. இதை வீட்டுக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "பிரேசில் கொழந்த வேற, நம்ம கொழந்த வேற"ன்னு பதில் வந்துச்சு. சரின்னுட்டேன்.

ஆனா காப்பி மேல எந்தக் குத்தமும் இல்லன்னு நான் சொல்ல வரல. கோஸ்ட்டா ரிக்கான்னு இன்னொரு காப்பி நாட்டுல 1988ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஏழைத் தாய்மாருங்க, கர்ப்பத்துல இருந்தே தினம் அரை லிட்டர் அளவுக்குக் காப்பி குடிச்சவங்க. அவங்களுக்கும் ரத்தம் குறைவு, பால்லயும் இரும்புச் சத்து குறைவு, குழந்தைக்கும் ரத்தம் குறைவு. காரணம் காஃபீன் இல்ல. காப்பியில இருக்கிற வேற பொருளுங்க சாப்பாட்டுல இருக்கிற இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது. டீயும் அப்படித்தான். அதனாலதான் சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. நல்லாச் சாப்பிடுறவளுக்கு இது பெரிய நஷ்டம் இல்ல. தட்டுல இருக்கிறதே கொஞ்சம்னா, அந்தக் கொஞ்சத்துலயும் காப்பி பங்கு கேக்கும். இன்னிக்கும் தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்கு, 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புல 53.4 சதவீதம்.

எங்க அம்மா விஷயம் இங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன். அவங்க குடிச்ச காப்பி குத்தம் இல்ல. அந்தக் காப்பி எந்த இடத்துல வந்து உட்கார்ந்துச்சோ, அங்கதான் குத்தம். ஒரு சொம்புக் கூழ் இருந்த இடத்துல, ஒரு டம்ளர் பால் இருந்திருக்க வேண்டிய இடத்துல. தானே தேய்ஞ்சு பிள்ளைக்குப் பால் கொடுத்தாங்க. தாயோட உடம்பு அப்படித்தான், தன் எலும்புல இருந்து எடுத்தாவது பாலைக் கொடுக்கும். பால் கெட்டுப்போகாது. தாய்தான் கெட்டுப்போவா.

தங்கச்சி போனது வயித்துப்போக்குல. வெயில், ஏரி வத்தின நேரம், குட்டைத் தண்ணி, ஏழு மாசத்துல ஊட்ட ஆரம்பிச்ச கஞ்சி, ஈ. 1971ல இந்தியாவுல பொறந்த ஆயிரம் குழந்தையில 129 குழந்தை முதல் பொறந்த நாளைப் பார்க்கல. அத்தனை தாயுமா காப்பி குடிச்சாங்க? அதே 1971ல, வங்காளதேசத்துல இருந்து அகதிங்க வந்து குவிஞ்ச பங்கான் முகாம்ல, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியை டிரம்ல வெச்சு வாயால குடிக்கக் கொடுத்தே காலராவுல சாகக் கெடந்தவங்களைக் காப்பாத்திட்டிருந்தார். ரெண்டு வருஷம் கழிச்சும் அந்தத் தண்ணி எங்க ஊருக்கு வந்து சேரல. உப்பு வீட்டுல இருந்துச்சு. வெல்லமும் இருந்துச்சு, காப்பிக்குப் போடுற வெல்லம். வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி காட்டக்கூடாதுன்னு ஆயாவே தடுத்துச்சு. ஆயாவையும் இப்போ குத்தம் சொல்லத் தோணல. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஒரு சாவுக்கு ஒரு காரணம் வேணும், காரணமா கைகாட்ட வீட்டுல இருந்தது மருமக ஒருத்திதான்.

2020 கணக்குல தமிழ்நாட்டுல ஆயிரத்துக்கு 13ன்னு வந்திருக்கு. இவ்வளவு குறைஞ்சது யாரும் காப்பியை நிறுத்தினதால இல்ல. நல்ல தண்ணி, தடுப்பூசி, உப்புச் சர்க்கரைக் கரைசல், ஆஸ்பத்திரிப் பிரசவம், அங்கன்வாடி சத்துமாவு. 1975ல ஆரம்பிச்ச ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துல பால் கொடுக்கிற தாயையும் ஒரு ஆளாச் சேர்த்துக் கணக்கு போட்டாங்க. அவ வயித்துக்கு என்ன போகுதுன்னு சர்க்கார் கேட்டது எனக்குத் தெரிஞ்சு அப்போதான். இப்போ முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார் பேருல பணம் தர்றாங்க. சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் போட்டுப் பெட்டகம் தர்றாங்க. சட்டப்படி வேலைக்குத் திரும்பின தாய்க்கு, குழந்தைக்குப் பதினஞ்சு மாசம் ஆகுற வரைக்கும், ஓய்வு நேரம் போக தினம் ரெண்டு தடவை பால் கொடுக்க நேரம் விடணும். நடவுக் கூலிக்குப் போறவளுக்கு அதை விடுறது யாருன்னு கேட்டா, அந்தப் பழைய பூவரச மரத்தைத்தான் காட்டணும். அந்த மரமும் இப்போ இல்ல. அந்தக் கழனி பிளாட் ஆகி எட்டு வருஷம் ஆச்சு.

இதையெல்லாம் போன ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். நம்பரு எல்லாம் சொல்லல. பால் கெடல, காப்பி காரணம் இல்ல, தண்ணி கொடுத்திருக்கணும், அது அப்போ யாருக்கும் தெரியாதுன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவளுக்கு மூக்கு உன்னாட்டம் இருக்கும்"னு சொன்னாங்க. தங்கச்சியைப் பத்தி அவங்க வாயால நான் கேட்டது இந்த அம்பது வருஷத்துல அது ஒண்ணுதான்.

வீட்டுல இப்போ ஒரு ஏற்பாடு. காலையில கேவுரு அடையோ இட்லியோ முதல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு, குழந்தைக்குப் பால் கொடுத்து முடிச்சதும், மகளுக்கு ஒரு டம்ளர் காப்பி, நம்ம மாட்டுப் பால்ல. வீட்டுக்காரம்மாவே போட்டுத் தருது, டிகாஷனை மட்டும் கொஞ்சம் குறைச்சு. அது மகளுக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கு.

நேத்து காலையில மக திண்ணையில உட்கார்ந்து குடிச்சிட்டிருந்தா, மடியில பேத்தி தூங்குது. அம்மா வழக்கம்போலத் தன் டம்ளரை எடுத்துக்கிட்டுக் கிணத்தடிக்குக் கிளம்பினாங்க. "பாட்டி, இங்க வந்து குடியேன்"னு மக கூப்பிட்டா. அம்மா நின்னாங்க. திரும்பி வந்து, உட்காரல, வாசப்படியில சாஞ்சு நின்னுக்கிட்டே குடிச்சாங்க. சர்க்கரை பத்தலன்னு என் வீட்டுக்காரம்மாவைத் திட்டினாங்க.